சிவப்புப் புள்ளி வைத்த மணிகள்

சைக்கிள் மணி செய்கிற தொழிற்சாலை அது. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அடுத்த வாரம் பல்லைக் கடித்துக்கொள்வார்கள், ஒரு மாதம் போனால் அப்படி ஒரு சத்தம் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோகும். மறக்கக் கூடாத ஆள் அங்கே ஒரே ஒருவர். அவருக்குச் சம்பளம் கொடுப்பதே கேட்பதற்குத்தான். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, காதுக்காரர் எங்கே என்று கேட்டால் வாசலில் நிற்கிற வாட்ச்மேன்கூடக் கையை நீட்டி வழி சொல்வார்.

அவருடைய இடம் கூடத்தின் கடைசியில், ஜன்னலோரம். ஒரு மேசை, அதன் நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு முளை, உட்கார ஒரு ஸ்டூல். தட்டுத் தட்டாக மணிக் கிண்ணங்கள் வரும். ஒன்றை எடுத்து முளையில் மாட்டுவார், சின்னச் சுத்தியால் ஒரே ஒரு தட்டு தட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார். மணியை முகத்துக்கு நேராக வைத்துக் கேட்கக் கூடாது, பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. நல்ல மணியின் ஒலி மேலே போய்க் கொஞ்சம் நின்று, மனமில்லாமல் இறங்கி வரும். அது பெட்டிக்குப் போகும். ஊமை மணி தொக்கென்று விழும். அதன் உள்பக்கம் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துக் கூடையில் போட்டுவிடுவார். புள்ளி வைத்தால் வைத்ததுதான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட, இன்னொரு தடவை தட்டிப் பாருங்களேன் என்று அவரிடம் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது?

காலையில் ஜன்னலைப் பார்த்து உட்காருவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொள்வார். முன்பெல்லாம் வெளியே ஒரு பெரிய மரம் நின்றது. நான்கு மாதத்துக்கு முன்னால் பக்கத்துக் கிடங்குக்காரர்கள் சுவர் எழுப்புகிறோம் என்று அதை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், நல்லாயிருப்பார்கள். அன்றிலிருந்து மதிய வெயில் நேராகக் கண்ணில் வந்து குத்துகிறது. ஆனால் முதுகைக் காட்டினால் அதே வெயில் எவ்வளவு சுகம்! தோளில் கதகதப்பு ஏறும். தரையில் அவருடைய நிழல் நீண்டு படுக்கும். பாலிஷ் தூசு வெளிச்சத்தில் அவசரமே இல்லாமல் மிதக்கும். அந்த நேரத்தில் கூடம் முழுவதையும் யாரோ பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி இருக்கும். தகட்டை அமுக்குகிற பிரஸ் இறங்குவது எங்கேயோ ஒரு வீட்டில் கதவு சாத்துவது போலக் கேட்கும். பேச்சுக் குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வரும். மதியம் ஆனால் உலகம் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த மெதுவு அவருக்குப் பிடித்தும் இருந்தது.

இப்படிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்த மனிதரைத்தான் ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

அந்த அம்மா வந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. அதிகம் பேச மாட்டார். கையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம், காதில் செருகிய பென்சில். யார் எதைச் சொன்னாலும், “எத்தனை?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

“நூத்துக்கு நாலு ஊமை மணி போயிட்டு இருந்துச்சு. இப்போ பதினாலு போகுது,” என்றார். “தகடு வீணு, முலாம் வீணு, அத்தனை பேர் உழைப்பும் வீணு. கழிவு போடற ஷெட்ல கால் வைக்க இடமில்ல. சனிக்கிழமை லாரி வந்து உருக்கறதுக்கு அள்ளிட்டுப் போகப் போகுது. கழிவு எங்க போய்ச் சேருதுன்னு எனக்குத் தெரியும். எங்க பொறக்குதுன்னுதான் தெரியல. அதை உங்களைத் தவிர யாரு கண்டுபிடிப்பா, சொல்லுங்க?”

காதுக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. “கண்டுபிடிச்சுடலாம் மேடம்,” என்றார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுங்க. எந்த இடத்துல பொறக்குதோ அந்த இடத்துல வேற ஆளைப் போட்டுடுவேன். அது யாரா இருந்தாலும் சரி, அவங்க வேற வேலை பார்த்துக்க வேண்டியதுதான்.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். அந்தத் தலையாட்டல் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்!

செவ்வாயும் புதனும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றினார். தகடு வெட்டுகிறவரிடம் போய் வில்லைகளைத் தடவிப் பார்த்தார். பிரஸ்காரர் அந்த வில்லையைக் கிண்ணமாக அமுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். துளை போடுகிற இடத்தில் துளை நடுவில் விழுகிறதா என்று அளந்தார். பாலிஷ் அம்மாவிடம் போனபோது, “என்ன காதுக்காரரே, பொண்ணு பார்க்க வந்த மாதிரி சுத்திச் சுத்தி வர்றீங்க?” என்று அவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தட்டிலும் சாக்கட்டியால் நேரம் எழுதி வைத்தார். எந்தத் தட்டில் எத்தனை புள்ளி என்று காகிதத்தில் கோடு போட்டார்.

புதன்கிழமை மதியம் கோடுகளைக் கூட்டியபோது விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. காலையில் தட்டிய மணிகளில் நூற்றுக்கு மூன்று புள்ளி. மதியத்துக்கு மேல் தட்டியவற்றில் நூற்றுக்கு இருபத்தைந்து. சாப்பாட்டுக்குப் பிறகு யாரோ எதையோ கெடுக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்றதும் அவருக்கு ஒரே ஒரு முகம்தான் கண் முன்னால் வந்தது. வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற முகம்.

முலாம் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவருடைய மச்சினன், மனைவியின் கூடப் பிறந்த தம்பி. அவனை எல்லாரும் முலாம் என்றே கூப்பிடுவார்கள். நல்லவன், வாய் ஓயாதவன், சாப்பிட்டுக் கை கழுவினால் ஈரம் காய்வதற்குள் தூங்கிப்போகிறவன். தொட்டிக்குப் பின்னால் ஒரு காலி டிரம் உண்டு. அதில் சாய்ந்துகொண்டு கால் மணி நேரம் அவன் போடுகிற தூக்கத்தில் கும்பகர்ணன் தோற்றுப்போவான். முலாம் தடித்துவிட்டால் மணி ஊமையாகிவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தூங்குகிறவன் கையில் முலாம் தடிக்காமல் என்ன செய்யும்?

கூடையிலிருந்து ஒரு புள்ளி மணியை எடுத்து நூலில் கோத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். இருந்தான், டிரம்மில் சாய்ந்தபடி, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்போடு. கனவில் என்ன விருந்தோ! இவர் மணியை அவன் காதருகில் நீட்டி ஒரு தட்டு தட்டினார். அந்த நேரம் பார்த்துப் பிரஸ் தடாலென்று இறங்கியதால் இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

முலாம் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. “நல்ல மணி மாமா,” என்றான். “எதுக்கு எழுப்பறீங்க?”

“நல்ல மணியா? உள்ளே பாருடா, சிவப்புப் புள்ளி!”

“புள்ளி இருக்கலாம். மணி நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊமை மணிக்கும் நல்ல மணிக்கும் வித்தியாசம் தெரியாத பயல் கையிலா முலாம் தொட்டியைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று காதுக்காரருக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. மேசைக்குத் திரும்பி, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் நாலு வரி எழுதினார். மதியம் முலாம் போடுகிற இடத்தில் கவனக்குறைவு, கழிவு பிறப்பது அங்கேதான் என்று எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பைகளுக்கு வார் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு வழக்கம் போல அவருக்கு வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“கண்டுபிடிச்சுட்டேன்,” என்றார். “வேற யாரும் இல்ல. உன் தம்பிதான்.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வருஷம் வேலை தேடி அலைந்து, இவர் வாக்குக் கொடுத்துத்தான் தம்பி அங்கே கால் ஊன்றினான். இரண்டு சின்னப் பெண்கள் அவனுக்கு. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

“நிச்சயமாத் தெரியுமாங்க?”

“என்ன கேள்வி இது? என் காது பொய் சொல்லுமா? உன் தம்பிங்கறதுக்காக நான் மாத்தி எழுத முடியுமா? இருபத்திரண்டு வருஷமா அந்த ஸ்டூல்ல நியாயமா உட்கார்ந்திருக்கேன்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். தட்டை எடுக்கிறவள் போல நாற்காலியைச் சுற்றி அவருடைய இடது பக்கம் போய்க் குனிந்தாள். கன்னத்தில் அவள் மூச்சு பட்டது. சீலைத் துணி அசைகிற மாதிரி ஏதோ ஒரு சலசலப்பு.

“என்ன சொன்னே?” என்று திரும்பினார்.

“ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமான்னு கேட்டேன்,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தம்பிக்காக அழுகிறாள் என்று அவர் நினைத்தார். பாவமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஸ்டூலில் உட்காருவதற்கு முன்பே முலாம் வந்து நின்றான். அவனிடம் தூக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“அக்கா போன் பண்ணா மாமா,” என்றான். “நான் தூங்கறேன், ஒத்துக்கறேன். ஆனா தொட்டியில டைமர் இருக்கு, அது அடிச்சதும் எழுந்துக்கறேன். என் முலாம் தடிச்சதே இல்ல. எனக்கு என்னமோ வெயில்தான் காரணம்னு தோணுது. சூடு ஏறினா மணி மந்தமாகுதோ என்னவோ. ஒரே ஒரு உதவி செய்யுங்க. காலையில முலாம் போட்ட மணி அம்பது எடுங்க. உள்ளே பென்சில்ல நம்பர் போட்டுக்கங்க. இப்பவே தட்டிப் பாருங்க, உங்க மேசைக்கு அடியிலேயே வச்சுக்கங்க. அதையே மதியம் ஒருதடவை தட்டுங்க. என் கை அதுல படவே வேண்டாம். அப்புறம் நீங்க என்ன எழுதினாலும் சரி.”

சூட்டில் மணி மந்தமாகுமாம்! எந்த ஊர்க் கதை இது? ஆனாலும் மச்சினன் வாயை அடைத்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்.

ஐம்பது கிண்ணங்களுக்கு நம்பர் போட்டார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வரிசையாகத் தட்டினார். ஒன்பதும் முப்பத்தெட்டும் ஊமை. மற்ற நாற்பத்தெட்டும் கணீர் கணீரென்று மேலே போய் நின்று இறங்கின. தட்டைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். சாப்பிடப் போனபோதுகூடக் கூடவே தூக்கிக்கொண்டு போனார். பாலிஷ் அம்மா அதற்கும் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

மதியம் மூன்று மணி. ஸ்டூலைத் திருப்பிப் போட்டார். முதுகில் வெயில் வந்து உட்கார்ந்தது. தூசு மிதந்தது. கூடம் பஞ்சுக்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

நான்காம் நம்பர் ஊமை. ஒன்பது ஊமை. பதினொன்று ஊமை. பதினேழு ஊமை. பென்சிலால் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போனார். ஐம்பதும் முடிந்தபோது பதிமூன்று கோடு இருந்தது.

காலையில் இரண்டு, இப்போது பதிமூன்று. அதே மணிகள். முலாம் தொடவில்லை, யாருமே தொடவில்லை, காலுக்கு அடியில்தான் இருந்தன. அப்படியானால் அந்தப் பயல் சொன்னது நிஜமா? பதினேழாம் நம்பரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்தது. சூடும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகு எது மாறியது? தகடு அதே தகடு, முளை அதே முளை, சுத்தி அதே சுத்தி. காலையில் இருந்து மதியத்துக்குள் மாறினது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசியில் குனிந்து தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்தார்.

மெதுவாக எழுந்து அதைத் திருப்பிப் போட்டார். வெயில் கண்ணில் குத்தியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பதினேழாம் நம்பரைத் தட்டினார். கணீரென்றது. மேலே போய் நின்றது, மனமில்லாமல் இறங்கியது. அவ்வளவு அருமையான மணி!

மறுபடி ஸ்டூலைத் திருப்பினார். வெயிலுக்கு முதுகு, மணிக்கு இடது காது. தட்டினார். தொக்.

வலது காதை விரலால் பொத்திக்கொண்டு தட்டினார். தட்டுவது கையில் தெரிந்தது, சுத்தி அதிர்வது தெரிந்தது. சத்தம் மட்டும் எங்கோ வேறொரு ஊரில் தூறல் போடுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மதியத்தில் உலகம் மெதுவாகப் பேசவில்லை. இத்தனை நாளாக அந்த மெதுவில் சொக்கி உட்கார்ந்து, நல்ல மணிக்கெல்லாம் தன் கையாலேயே புள்ளி வைத்திருக்கிறார்.

யாரும் பார்க்கவில்லை. பிரஸ் இறங்கிக்கொண்டிருந்தது. பாலிஷ் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் காகிதம் பத்திரமாக இருந்தது.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு அவரைத் திட்டாதீர்கள், மனித மனசுதானே. அந்த நிமிஷம் அவருக்கு இதுதான் தோன்றியது. ஜன்னலில் ஒரு துணியைத் தொங்கவிட்டால் போதும். வெயில் வராது, ஸ்டூலைத் திருப்ப வேண்டாம், நாள் முழுக்க வலது காது. காகிதத்தைக் கொடுத்துவிடலாம். மச்சினன் போவான், கழிவும் போகும். பார்த்தீர்களா, காதுக்காரர் சொன்னது சரியாகப் போச்சு என்று ஊரே பேசும். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்துவிடும். அந்த ஸ்டூலை விட்டால் அவர் யார்? சொந்தப் பெயர்கூடத் தெரியாத ஓர் ஆள்.

சாயங்காலம் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். தொழிலாளர்கள் வசிக்கிற தெரு அது. புள்ளி வைத்த மணியில் ஆளுக்கு ஒன்று வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது ஷெட் நிரம்பத் தொடங்கிய இந்த நாலு மாதமாகத் தொழிற்சாலையில் வந்த வழக்கம். அதனால் தெரு முழுக்கக் கதவுக்குக் கதவு ஒரு கிண்ணமும், தட்டுவதற்கு நூலில் ஒரு குச்சியும் தொங்கும். யாரோ எங்கோ தட்டினார்கள். யாரோ கதவு திறந்தார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, மங்கிய வெளிச்சத்தில் ஒன்று மாற்றி ஒன்று மணிகள் பேசிக்கொண்டிருந்தன. வலது காதைத் திருப்பித் திருப்பி நடந்தார். ஒன்றுகூட ஊமையாக இல்லை. கடவுளே, ஒன்றுகூட இல்லையே!

தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூன்று மாதத்துக்கு முன்னால் அவரே கொண்டுவந்து மாட்டின புள்ளி மணி. அதை அவர் ஒரு நாளும் தட்டியதில்லை, கதவு எப்போதும் திறந்தே இருக்கும். இன்று தட்டினார். கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்த மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“நீங்களா? யாரோன்னு பயந்தே போயிட்டேன். எதுக்குங்க மணி அடிக்கறீங்க?”

“அங்க வரைக்கும் கேட்டுச்சா?”

“கேக்காம? மூணு வீட்டுக்குக் கேக்குமே,” என்றாள்.

அவர் உள்ளே போனார். உட்கார்ந்தார். அவள் வலது பக்கம் நாற்காலியைப் போட்டாள். அன்றுதான் அவர் அதைக் கவனித்தார். கடைக்குப் போனால் வலது பக்கம் நடக்கிறாள். போன வருஷம் ஒரு நாள், ஃபேன் காத்து நேரா மூஞ்சியில அடிக்குது என்று சொல்லிக் கட்டிலில் இடம் மாற்றிக்கொண்டாள். அதிலிருந்து வலது பக்கம்தான் படுக்கிறாள். ஒரு வருஷம்! ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் அம்மா எல்லாரையும் ஜன்னலோரம் கூப்பிட்டார். முலாம் குனிந்த தலை நிமிராமல் நின்றான்.

“எழுதிட்டீங்களா?” என்றார் அம்மா.

“எழுதினேன் மேடம். தப்பா எழுதிட்டேன்.” காதுக்காரர் காகிதத்தை எடுத்து எல்லார் கண் முன்னாலும் நாலாகக் கிழித்தார். பிறகு நம்பர் போட்ட தட்டை மேசை மேல் வைத்தார். பதினேழை முளையில் மாட்டினார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து ஒரு தட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒரு தட்டு. “இப்போ உங்க எல்லாருக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டிருக்கும். எனக்கு முதல்ல தட்டினது நல்ல மணி. ரெண்டாவது ஊமை,” என்றார். இடது காதைத் தொட்டார். “கழிவு பொறக்கற இடம் இதுதான் மேடம். மச்சினன் மேல எந்தத் தப்பும் இல்ல. நாலு மாசமா நான்தான் நல்ல மணியைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு இருக்கேன்.”

பிரஸ்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். பாலிஷ் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

சூப்பர்வைசர் அம்மா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார், ஒன்றும் எழுதாமல் மூடினார். “இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது,” என்றார்.

“தெரிஞ்சிருக்காது மேடம்.”

“இனிமே அந்த ஸ்டூல்ல நீங்க உட்கார முடியாது. புரியுதா?”

“புரியுது மேடம்,” என்றார். சுத்தியை மேசை மேல் வைத்தார். இருபத்திரண்டு வருஷம் கையில் இருந்த சுத்தி. அதை வைத்தபோது உயிரே போகிற மாதிரிதான் இருந்தது, அதில் மறைக்க என்ன இருக்கிறது.

“அந்த இடத்துல யாரைப் போடறது?”

“முலாமைப் போடுங்க மேடம். தூக்கத்துலகூட நல்ல மணியைக் கண்டுபிடிச்சவன் அவன். நான்தான் கேக்கல.”

“ஐயோ மாமா!” என்று அலறினான் முலாம். “அங்க உட்கார்ந்தா மத்தியானம் தூங்க முடியாதே!”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் அம்மாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு காதுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: “வேற ஆளைப் போடுவேன், வேற வேலை பார்த்துக்கணும்னு சொன்னேன். அந்த வேற வேலையை இங்கேயே பாருங்க. திங்கட்கிழமையிலிருந்து தொட்டி உங்க பொறுப்பு. கழிவு தன்கிட்டயேதான் பொறக்குதுன்னு எங்கிட்ட வந்து சொன்ன ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அப்படிப்பட்ட ஆளை வெளியே அனுப்பினா அதுவும் கழிவுதான்.”

“அந்த டிரம்ல சாஞ்சா முதுகுக்கு ரொம்ப இதமா இருக்கும் மாமா,” என்றான் முலாம் மெதுவாக, வலது காதருகில் வந்து.

லாரி மறுநாள் வரவேண்டும். அதற்குள் ஷெட்டில் கிடக்கிற மணிகளை எல்லாம் மறுபடி தட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா சொன்னார். கூடத்து ஆட்கள் அத்தனை பேரும் ஷெட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்ததும் மதிய வெயில் உள்ளே பாய்ந்தது. கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன கிண்ணங்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி. ஆறாயிரத்துக்குக் குறையாது. ஆளுக்கொரு குச்சியை எடுத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்கள். ஒரு மணி, பத்து மணி, நூறு மணி. ஒலி எழுந்து கூரையில் முட்டி, சுவரில் வழிந்து, வாசல் வழியாக வெளியே போனது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தூசு பொன்னாக மிதந்தது. காதுக்காரர் தட்டுகளைச் சுமந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை நின்று வலது காதைப் பொத்திக்கொண்டார். தூரத்து ஊரில் பலத்த மழை பெய்துகொண்டிருந்தது. கையை எடுத்தார். மழை இங்கேயே கொட்டியது. அதில் நனைந்துகொண்டு அவர் அழுதார், யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் மனைவி வந்து நின்றுகொண்டிருந்தாள். தம்பி போன் பண்ணியிருப்பான். அவள் அவருக்கு வலது பக்கம் வந்து நடந்தாள். தெருவில் கதவு மணிகள் ஒன்றொன்றாகப் பேசத் தொடங்கியிருந்தன.

பாதித் தெரு போனதும் அவர் நின்றார். அவள் தோளைப் பிடித்துத் தன் இடது பக்கம் நிறுத்திக்கொண்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“புதன்கிழமை இந்தப் பக்கம் வந்து ஏதோ சொன்னியே, என்ன அது? தண்ணி வேணுமான்னா கேட்டே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “இல்லங்க.”

“பின்னே?”

“தப்பு தம்பி மேல இல்ல, உங்க காதுதான் கேக்கலன்னு சொன்னேன்,” என்றாள். “சொல்லாம இருக்கவும் முடியல, நீங்க கேக்கவும் கூடாதுன்னு இருந்துச்சு. அதான் அந்தப் பக்கம் வந்து சொன்னேன்.”